புறச்சமயத்தார் தவமும் சைவர் கடமையும்

தன் சமயத்தின்கண் உறுதியுடையான் ஒருவன், பிற சமயத்தார் தவஞ்செய்த இடத்தைக் காணுங்கால் அவன் உள்ளம் எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்பது எளிதில் விடுக்கத்தக்க வினாவன்று. இகழ்ந்து விலகுவானாயின் அது சமயப்பற்று எனப்படுமோ, செருக்கு எனப்படுமோ? வணங்கி நிற்பானாயின் அது சால்பு எனப்படுமோ, கொள்கைத் தளர்ச்சி எனப்படுமோ? சித்தாந்த நூல்களை முறையாக ஓதியுணர்ந்தார்க்கும் இவ்விடத்துச் சிறிது மயக்கம் உண்டாதல் இயல்பே. இவ்வினாவுக்கு நூலில் விடை உண்டு. ஆயினும் ஏட்டிற் கண்ட விடை, பொருளை எதிரே காணும்பொழுது நெஞ்சில் நிற்கின்றதா என்பதே ஆராயத்தக்கது. முதிய நண்பர் மூவர் ஒருநாட் செலவாகச் சித்தன்னவாசல் மலைக்குச் சென்றபோது நிகழ்ந்த ஓர் உரையாடல் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணைசெய்யும்.

அம்மூவருள் ஒருவர் நாற்பதாண்டு காலம் ஊர்தோறும் திருத்தொண்டர் புராணம் விரித்துரைத்தவர். மற்றொருவர் பள்ளியில் இலக்கணங் கற்பித்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் நெல் வணிகர். மிகுதியாக நூல் கல்லாராயினும் அடியார்க்கு அமுதளிக்கும் தொண்டில் வழுவாதவர். புராணிகருடைய மகள்வயிற்றுப் பெயரனாகிய பன்னிரண்டு அகவைச் சிறுவனும் அவர்களுடன் போந்தான்.

புதுக்கோட்டையினின்றும் விடியலிற் புறப்பட்ட அவர்கள் முதற்கண் குடுமியான்மலையை அடைந்து, சிகாநாதப் பெருமானையும் அகிலாண்டேசுவரியம்மையையும் வழிபட்டனர். இசைக்கல்வெட்டால் அறிஞருலகில் பெயர்பெற்ற அவ்விடத்து, மலையின்மேற் பாறையில் விடைமேல் உமையொடு வீற்றிருக்கும் இறைவன் திருவுருவமும், அதன் இருமருங்கும் அறுபத்துமூவர் திருவுருவங்களும் புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளன. சிறுவன் அண்ணாந்து நோக்கி, இவர் யார், அவர் யார் என வினவ, புராணிகர் ஒவ்வொருவர் வரலாற்றையும் உவகையுடன் கூறினார். குலச்சிறை நாயனார் பிறந்த மணமேற்குடி இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளது என்பதையும், அவர் நின்றசீர் நெடுமாறர்க்கு அமைச்சராய் இருந்து மங்கையர்க்கரசியாரோடு ஆளுடைய பிள்ளையாரை மதுரைக்கு எழுந்தருள்வித்ததையும், அனல்வாதத்தையும், புனல்வாதத்தையும், அதன் பின் நிகழ்ந்ததாகப் புராணங் கூறும் கழுவேற்றத்தையும் தமக்கே உரிய எடுத்த குரலில் விரித்துரைத்தார். சிறுவன் அனைத்தையும் கருத்தூன்றிக் கேட்டான்.

அங்கிருந்து சித்தன்னவாசலுக்கு வந்தபொழுது வெயில் ஏறத் தொடங்கிற்று. புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வயலும் முல்லையும் கலந்த வெளியின் நடுவே, வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் தனிக்குன்று அது. அடிவாரத்தைச் சுற்றிப் பழங்காலத்து ஈமக்குழிகள் காணப்படுகின்றன. அக்குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உளது. கிழக்குப் புறத்தே, செங்குத்தான பாறையின் இடையில், சமண முனிவர் உறைந்த இயற்கைக் குகை உளது. அதற்கு ஏழடிப்பட்டம் என்பது பெயர். பாறையில் அடிவைத்தற்கு ஏழு குழிகள் வெட்டப்பட்டிருத்தலின் அப்பெயர் பெற்றது என்பர். குன்றின் உச்சியைக் கடந்து மறுபுறம் இறங்கியே அதனை அடைதல் வேண்டும்.

அடிவாரத்தில் புராணிகர் நின்றுவிட்டார். “சமணர் பாழியில் நமக்கு என்ன வேலை ஐயா? நீங்கள் கண்டு வாருங்கள், யான் இம்மர நிழலில் ஐந்தெழுத்தை எண்ணியிருப்பேன்” என்றார்.

இலக்கண ஆசிரியர் நகைத்து, “ஐயா, தாங்கள் இளமையில் மடத்திற் கற்ற நன்னூல் யார் செய்தது?” என்றார்.

“பவணந்தியார் செய்தது. அதனால் என்ன?”

“அவர் எச்சமயத்தார்?”

புராணிகர் விடை கூறாது மேல்நோக்கினார். அதற்குள் சிறுவன் அவர் கையைப் பற்றி இழுத்தலின், அவன்பொருட்டு ஏறலாயினார்.

உச்சியைக் கடந்து, இருப்புக் கம்பிகளைப் பற்றியவாறு பாறை விளிம்பின் வழியே இறங்கிச் சென்றபோது கீழே வயல்வெளி முழுதும் தோன்றிற்று. பாறை முன்புறம் கவிந்து நிற்க, அதன் கீழ்க் குகை தாழ்ந்து உட்செல்கின்றது. குனிந்து நோக்கினாலன்றி உள்ளிருப்பன முற்றும் புலப்படா. அங்கே கல்லில் வெட்டி மெருகிடப்பட்ட படுக்கைகள் பதினேழு உள்ளன. தலைவைக்கும் இடம் மட்டும் தலையணைபோல் சிறிது உயர்ந்துள்ளது. வேறு ஒன்றும் இல்லை. விளக்குமாடம் இல்லை, அடுக்களை இல்லை, கதவும் இல்லை. பகலெல்லாம் காய்ந்த கல், இரவெல்லாம் குளிர்ந்த கல், அதன்மேல் ஒரு மனித உடல்: அத்துறவியர் வாழ்வு அவ்வளவே.

அப்படுக்கைகளுள் ஒன்றினருகே பண்டைத் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த கல்வெட்டு உளது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது என அறிஞர் கொள்ளும் அக்கல்வெட்டு, எருமிநாட்டிற் பிறந்த துறவி ஒருவர்க்குச் சிறுபோசில் இளையர் இருக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகின்றது. எருமிநாடு என்பது இக்காலத்து மைசூர்ப் பகுதியென்பர். வேற்று நாட்டினின்றும் வந்த ஒருவர்க்கு, அவர் யாரென்றும் எவர் மகனென்றும் பாராது, தமிழ்நாட்டுச் சிற்றூரார் கற்படுக்கை அமைத்துத் தந்தனர் என்பது இதனால் விளங்கும். ஏனைய படுக்கைகளின் பக்கத்தே, பல நூற்றாண்டு கழிந்தபின் அங்கே உறைந்த முனிவர் பெயர்கள் காணப்படுகின்றன. திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன் என்றிவ்வாறு வருவன அவை. ஆகவே ஓராயிரம் ஆண்டுக்கு மேலாகத் துறவியர் வழிவழியாக அக்கல்லிற் கிடந்து நோற்றனர் என்று அறியப்படும். நின்றநிலையில் உடலை மறந்து நிற்றலும், இறுதியில் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுதலும் அவர் நெறியில் உயர்ந்த நோன்புகளாகும்.

வணிகர் நெடுநேரம் அப்படுக்கைகளை நோக்கி நின்று, “யான் கோடையில் மெத்தைச்சூடு பொறாது எழுந்து முற்றத்திற் கிடப்பவன். இவர்கள் இதில் எப்படிக் கிடந்தார்களோ!” என்றார்.

அப்போது சிறுவன், “தாத்தா! நாம் கழுவேற்றியது இவர்களைத்தானே?” என்று கேட்டான்.

அவன் குரலில் இகழ்ச்சியும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. காலையிற் கேட்ட கதையையும் கண்ணெதிரே கண்ட பொருளையும் இணைத்துத் தெளிந்துகொள்ள விரும்பிய குழந்தையின் வினாவே அது. ஆயினும் ‘நாம்’ என்ற அச்சொல் புராணிகர் நெஞ்சில் ஆழத் தைத்தது. நாற்பதாண்டு அவையோர்க்கு விடையிறுத்து வந்த அவர் வாய் அப்போது திறந்திலது. அவர் பாறை நிழலில் மெல்ல அமர்ந்தார். ஏனையோரும் உடன் அமர்ந்தனர்.

சிறிது பொழுது கழிந்தபின் ஆசிரியர் சிறுவனை நோக்கிக் கூறலானார்: “தம்பி, மூன்று செய்திகளை அறிந்துகொள். ஞானசம்பந்தப் பெருமான் திருப்பதிகங்களில் வாதங்கள் பற்றிய குறிப்புகள் உண்டு. எண்ணாயிரவரைக் கழுவேற்றிய செய்தி அவற்றில் இல்லை. அஃது ஒன்று. பிற்காலத்து நூல்களே அதனைக் கூறுகின்றன. அந்நிகழ்ச்சி நடந்ததற்கு அக்காலத்துக் கல்வெட்டுச் சான்று கிடைத்திலது. அஃது இரண்டு. சேக்கிழார் பெருமான் அதனைக் கூறுமிடத்தும், பிள்ளையார்க்குப் பகைமை இல்லையென்றும், அடியார் உறைந்த மடத்திற்குத் தீயிட்ட தீங்கினால் அரசன் தண்டத்தை விலக்காதிருந்தார் என்றும் காரணங் காட்டியே கூறுகின்றார். பெருமைக்குரிய செயலுக்கு எவரும் காரணந் தேடுவதில்லை. காரணங் கூறியே கடத்தல் வேண்டும் என்று அப்பெரியார் கருதினார் எனின், அவ்விடம் ஆரவாரத்திற்கு உரியதன்று என்பது தெளிவு. அஃது மூன்று.”

வணிகர், “அதன்பின் சமணர் இந்நாட்டில் இல்லாதொழிந்தனரோ?” என்றார்.

“அங்ஙனம் ஒழிந்திலர். நெடுமாறர் காலம் ஏழாம் நூற்றாண்டு. இக்குன்றின் மேற்புறத்து அறிவர் கோயிலைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவன் அதன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. கழுவேற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் அம்மதுரையினின்றும், அப்பாண்டியர் மரபிலேயே வந்த மன்னன் காலத்தில், சமண ஆசிரியன் ஒருவன் இங்கே வந்து திருப்பணி செய்தான். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்” என்றார் ஆசிரியர்.

புராணிகர் அதனைக் கேட்டும் ஆறுதல் அடைந்திலர். “ஐயா, நிகழ்ந்ததோ இல்லையோ, அதனை வரலாற்றறிஞர் ஆராய்க. நிகழ்ந்திருப்பினும் அஃது ஓர் அரசன் செய்த தண்டம், யான் செய்ததன்று. ஆயினும் யான் செய்தது ஒன்று உண்டு. நாற்பதாண்டு அவ்விடம் வருந்தோறும் குரலை உயர்த்தினேன். கேட்டோர் கைகொட்டினர். அக்கைகொட்டலை யான் விரும்பினேன். இக்குழந்தை ‘நாம்’ என்று கூறக் கற்றது என் குரலிலிருந்தன்றோ?” என்றார். அவர் கண் கலங்கிற்று.

இவ்விடத்தே சமய உண்மையை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது. வெறும் இரக்கத்தால் மட்டும் இவ்வினா தீராது. ‘எல்லாச் சமயமும் ஒன்றே’ என்று கூறி விடுத்தலும் சித்தாந்திக்கு ஏலாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்துள் நிகண்டவாதியை மறுத்திருக்கின்றார். அம்மறுப்பு இன்றும் மறுப்பே. உயிர் உண்டு, வினை உண்டு, பிறவி உண்டு, வீடு உண்டு என்னுமளவில் சமணரும் சைவரும் உடன்படுவர். வினை தானே பயனளிக்கும், அதற்கு ஒரு முதல்வன் வேண்டா என்று அவர் கூறுமிடத்தே இரு நெறியும் பிரிகின்றன. வினை சடம், தானே சென்று செய்தவனைப் பொருந்தும் அறிவு அதற்கு இல்லை. உயிர் சிற்றறிவுடையது, தனக்குரிய பயனைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆதலின் இரண்டனையும் கூட்டுவிக்கும் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பதே சித்தாந்தத் துணிபு.

இத்துணிபையே பற்றிக்கொண்டு ஒரு படி மேற்செல்லுதல் வேண்டும். அக்கற்படுக்கையிற் கிடந்து நோற்ற துறவியின் நோன்பு வினையா, அன்றா? வினையே. கொல்லாமையும், பொய்யாமையும், பொறிகளை அடக்கலும் நல்வினை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அந்நல்வினைக்குப் பயன் உண்டா, இல்லையா? இல்லையெனின், செய்த வினை பயன்தராது அழியும் என்று பட்டுச் சித்தாந்தமே சிதையும். உண்டெனின், அப்பயனை அவர்க்குக் கூட்டியவர் யார்? வினை தானே கூட்டிற்று என்று கூறின், சைவர் நிகண்டவாதியாகிவிடுவர். ஆகவே, தம்மை இல்லையென்ற அம்முனிவருடைய நோன்பையும் சிவபெருமானே அறிந்து, ஏற்று, அதற்குரிய பயனை அளித்தார் என்று கொள்ளுதலன்றிச் சைவர்க்கு வேறு வழியில்லை. எனவே, அத்தவத்தை வீண் என்று இகழ்பவன் சமணரை மறுத்தவனல்லன். பயனூட்டும் தன் முதல்வனையே மறுத்தவன் ஆவான். இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

அற்றேல், புறச்சமய நெறியே வீடு தருமென்று கொள்ளலாமோ எனின், அற்றன்று. ஆணவமலம் நோன்பினால் மட்டும் நீங்குவதன்று. சிவத்தின் திருவருளாலேயே நீங்கும். நோன்பு உயிரைப் பக்குவப்படுத்தும்; பக்குவமுற்ற உயிரை முதல்வன் குருவாய் வந்து ஆட்கொள்வான். புறச்சமய நெறிநின்று, அதன்பின் அகச்சமயம் புகுந்து, படிப்படியாக உயிர் மேலேறும் என்று சித்தியார் வகுத்த முறை இதுவே. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. தருமசேனர் என்னும் பெயருடன் சமணப்பள்ளியில் தலைமை பெற்றிருந்தவரே சூலைநோயால் தடுத்தாட்கொள்ளப்பட்டுத் திருநாவுக்கரசர் ஆயினார். அவர் முற்பிறப்பில் முனிவராய்த் தவம் முயன்றவர் என்று பெருமானே திலகவதியார்க்குக் கனவில் உணர்த்தியதாகப் புராணங் கூறும். முன்செய்த தவம் இடையிற் புகுந்த புறச்சமயத்தால் அழிந்ததில்லை. இன்னும், புத்தவேடத்தை விடாதிருந்தே சிவலிங்கத்தின்மேல் நாள்தோறும் அன்பினாற் கல்லெறிந்த சாக்கிய நாயனாரும் அறுபத்துமூவருள் ஒருவராய் எண்ணப்படுகின்றார். வேடத்தை நோக்காது உள்ளத்தை நோக்கி ஏற்றவன் இறைவன். அவன் ஏற்றதை அடியான் இகழ்தல் எங்ஙனம் பொருந்தும்?

இனி, ‘படிமுறை என்று கூறுவதும் ஒருவகைச் செருக்கன்றோ? நாம் மேற்படியில் நிற்கின்றோம், அவர் கீழ்ப்படியில் கிடந்தார் என்பதன்றோ அதன் பொருள்?’ என்று ஒருவர் தடை எழுப்பலாம். ஏழடிப்பட்டத்தில் வணிகர் எழுப்பிய தடையும் இதுவே. அதற்கு ஆசிரியர் கூறிய விடை கொள்ளத்தக்கது: “உயர்ந்த கொள்கையுடைய சமயத்திற் பிறந்தமையாலேயே ஒருவன் உயர்ந்த படியில் நின்றவன் ஆகான். பிறப்பு அருளிய வாய்ப்பு வேறு. தான் ஏறிய ஏற்றம் வேறு. இத்துறவி தான் மெய்யென்று கொண்டதற்காகத் தன் உடல் முழுதையும் கொடுத்தான். மெய்ப்பொருளையே பெற்றோம் என்னும் நாம் அதற்காக எதனைக் கொடுத்தோம்? இக்கேள்விக்கு விடை கூறமாட்டாதவன் படிமுறையைப் பற்றிப் பேசுதற்கு உரியனல்லன். ‘யான் மேலோன்’ என்னும் எண்ணம் ஆணவத்தின் செயல். ஆணவத்தை நீக்கவந்த சாத்திரத்தைக் கொண்டே அதனை வளர்ப்பவன், மருந்தையே நஞ்சாக்கி உண்பவனை ஒப்பான்.”

மறுத்தல் ஏன் எனின், மறுத்தல் கொள்கையை நோக்கியது, மனிதரை நோக்கியதன்று. பரபக்கத்துள் ஒவ்வொரு சமயத்தின் கொள்கையும் முதலில் அச்சமயத்தாரே கூறுமாறு எடுத்தோதப்பட்டு, அதன் பின்னரே மறுக்கப்படுகின்றது. எதிரியின் சொல்லை முழுதும் கேளாது மறுப்பவனைச் சாத்திரம் மதிப்பதில்லை. சைவ மடங்களும் இம்மரபைப் போற்றியே வந்தன. சிவஞான மாபாடியம் இயற்றிச் சித்தாந்தத்தை நிலைநிறுத்திய திருவாவடுதுறை மாதவச் சிவஞான முனிவர், சமணராகிய பவணந்தியார் செய்த நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் வகுத்த விருத்தியுரையைத் திருத்தி விளக்கமாக்கினார். 1785-ஆம் ஆண்டில் சிவபதம் எய்திய அம்முனிவரினும் சிறந்த சித்தாந்தி யாவர்? அவ்வாதீனத்திற் கற்ற உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, சமண அன்பர்களிடம் சென்று பொருள் கேட்டுத் தெளிந்தே பதிப்பித்தார். சிவஞான முனிவர் கொள்கையில் இம்மியும் தளர்ந்தாரல்லர். ஐயர் பிறசமயத்தாரிடம் கேட்டுக் கற்றலை இழிவென்று கருதினாரல்லர். இரண்டும் ஒருங்கே இயலும் என்பதற்கு இவையே சான்று.

நண்பர்கள் குகையை விட்டு எழுந்து மேற்குச் சரிவில் இறங்கி அறிவர் கோயிலை அடைந்தனர். மண்டபத்தின் மேற்றளத்தில் தாமரைக்குளமும், மீனும், அன்னமும், யானையும், மலர்கொய்வாரும் தீட்டப்பட்ட ஓவியம் பல இடங்களிற் சிதைந்தும் இன்னும் ஒளிகுன்றாது விளங்குகின்றது. கற்படுக்கையிற் கிடந்து நோற்றவர் சமயத்தார் அடியார்க்கு உரிய பேற்றை இத்துணை அழகுடன் எண்ணினர் என்பது வணிகர்க்கு வியப்பாயிருந்தது. உள்ளே சிறிய கருவறையின் நடுவே நின்று மெல்ல முரன்றால் அவ்வொலி கல்லிற் பட்டுப் பன்மடங்காய்ச் சூழ்ந்தொலிக்கும். சிறுவன் தனக்குத் தெரிந்த ஓங்காரத்தை முரன்றான். கல் அதனை வேறுபாடின்றி ஏற்று ஒலித்தது. புராணிகர் கண்மூடி நின்று கேட்டார்.

வெளியே வந்தபின் அவர் சிறுவனை அருகழைத்து, “அப்பா, காலையில் நான் கூறியதில் ஒன்றைத் திருத்திக்கொள். அவர்கள் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அதனை நீ பெரியவனானபின் நூல்வழி அறிவாய். ஆனால், அந்தக் கல்லிற் கிடந்தவர்கள் நம் பெருமான் அறியாதவர்கள் அல்லர். அவர்களை வருத்தியதைச் சொல்லுங்கால் ‘நாம்’ என்று சொல்லாதே. அவர்களுக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்த ஊராரைச் சொல்லுங்கால் ‘நாம்’ என்று சொல். அவர்களும் தமிழரே, அவர்கள் செய்ததும் அறமே” என்றார்.

சிறுவன் சிறிது எண்ணி, “அப்படியானால் தீங்கு செய்ததை மட்டும் பிறர் செய்தார் என்று சொல்லலாமா தாத்தா?” என்றான்.

புராணிகர் திகைத்துப் பின் தலையசைத்தார். “நன்று கேட்டாய். இரண்டையும் ‘நாம்’ என்றே சொல். ஒன்றைச் சொல்லும்போது நாணிச் சொல். மற்றொன்றைச் சொல்லும்போது அவ்வறத்தை நாமும் செய்தல் வேண்டும் என்று எண்ணிச் சொல்.”

முன்னோர் செய்த நன்மைக்கு உரிமை கொண்டாடுவார், அவர் செய்ததாகக் கூறப்படும் தீமைக்கும் தலைகுனிதல் முறையாகும். ஒன்றை மட்டும் ஏற்றல் வணிகத்திலும் நேர்மையன்று, சமயத்தில் சொல்லவேண்டுவதில்லை. தன் நெறியில் உறுதியும், பிறர் தவத்தில் மதிப்பும், தன் குற்றத்தில் நாணமும் ஆகிய மூன்றும் ஒருங்கு நிற்குமிடத்தே சைவம் நிற்கும். இவற்றுள் ஒன்று குறையினும் எஞ்சுவது வேடமே.

அடுத்த திங்களில் அப்புராணிகர் ஓர் ஊரில் ஆளுடைய பிள்ளையார் புராணம் விரித்துரைத்தார். அவ்விடம் வந்தபோது சேக்கிழார் பெருமான் கூறிய அளவே கூறி, குரலைத் தாழ்த்தி, சிறிது நேரம் வாளா இருந்து, பின் மேற்சென்றார். அவையில் கைகொட்டுவார் இலர். முன்வரிசையில் இருந்த முதியோர் சிலர் திருநீற்றுப்பையை எடுத்து நெற்றியில் அணிந்துகொண்டனர்.

திருச்சிற்றம்பலம்.